முற்றத்தில் முக்கால் மணி நேரம்: சின்னப் பிள்ளைகளுக்கு ஓட, குதிக்க, எறிய, பிடிக்கப் பழக்குவது எப்படி?

பிள்ளையை முற்றத்தில் இறக்கிவிட்டால் போதும், எல்லாம் தானாக வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பாதி சரி. நடப்பதும் ஓடுவதும் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். ஆனால் வருகிற பந்தைப் பிடிப்பது, தோளுக்கு மேலாக வீசி எறிவது, ஒற்றைக்காலில் நொண்டுவது, இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து விழாமல் நிற்பது எல்லாம் பழகினால்தான் வரும். பழக இடமும் சாமானும் கூட விளையாட ஓர் ஆளும் கிடைக்காத பிள்ளை, ஏழெட்டு வயதில் பள்ளி மைதானத்தின் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும். "அவனுக்கு விளையாட்டில் இஷ்டமில்லை" என்று நாமும் முடிவு கட்டிவிடுவோம்.

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளோடு விளையாடப் புதிதாக இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மா அப்பாவாக இருக்கலாம், தாத்தா பாட்டியாக இருக்கலாம், அங்கன்வாடிக்குப் புதிதாக வந்தவராக இருக்கலாம், சனி ஞாயிறில் ஊர்ப் பிள்ளைகளைக் கோயில் வளாகத்திலோ சர்ச் மைதானத்திலோ சேர்த்துவைத்து ஏதாவது செய்ய நினைக்கும் இளைஞராகவும் இருக்கலாம். நீங்கள் விளையாட்டு வீரராக இருந்திருக்கத் தேவையில்லை. குமரி மாவட்டத்து வீடுகளில் கிடக்கும் சாமான்களே போதும்.

ஒரே ஒரு விதியை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு ஓர் அசைவு வரவில்லை என்றால் பிள்ளையைத் திருத்தப் போகாதீர்கள், விளையாட்டை மாற்றுங்கள். பந்தைப் பெரிதாக்குங்கள், தூரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் குறையுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதைச் செய்வதற்கான வழிதான்.

எதைப் பழக்குகிறோம்?

அடிப்படை அசைவுகளை மூன்று குடும்பமாகப் பிரிப்பது வழக்கம். முதலாவது, இடம்விட்டு இடம் போவது. ஓட்டம், தாவல், ஒரு கால் முன்னே போக மறுகால் பின்தொடரும் குதிரை ஓட்டம், பக்கவாட்டில் நகர்வது, நொண்டி, துள்ளி ஓடுவது எல்லாம் இதில் வரும். இரண்டாவது, பொருளைக் கையாள்வது. உருட்டுவது, எறிவது, பிடிப்பது, உதைப்பது, மட்டையால் அடிப்பது, பந்தைத் தரையில் தட்டுவது. மூன்றாவது, உடம்பை நிலைப்படுத்துவது. ஒற்றைக்காலில் நிற்பது, வளைவது, சுழல்வது, குறுகலான தடத்தில் நடப்பது.

வயதுக் கணக்கைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வயதை ஒட்டிப் பிள்ளை ஓடும், பந்தை உதைக்கும். இரண்டரை வயதில் இரண்டு காலும் தரையை விட்டு எழும்பக் குதிக்கும். நான்கு வயதில் பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடித்துவிடும். ஐந்து வயதில் நொண்டும். துள்ளி ஓடுவதுதான் கடைசியாக வரும், ஐந்தோ ஆறோ ஆகலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முன்னமே வந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். சில மாதம் முன்பின் இருப்பது சாதாரணம்.

எவ்வளவு நேரம்? உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைத்து இயங்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஆட வேண்டும். டிவியும் போனும் சேர்த்து ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 180 நிமிடமா என்று மலைக்க வேண்டாம். பாட்டியின் பின்னால் கோழிக்கூட்டுக்குப் போவதும், படி ஏறி இறங்குவதும், நாயைத் துரத்துவதும் இந்தக் கணக்கில் சேரும். நாம் உட்கார்ந்து பழக்க வேண்டியது அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம், அவ்வளவுதான்.

முதல் படி: இடத்தைப் பார்ப்பது

பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு முன் முற்றத்தில் நீங்களே செருப்பில்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள். ஆணி, கண்ணாடித் துண்டு, முள், ஓட்டுச் சில்லு எல்லாம் கண்ணைவிடக் காலுக்குத்தான் முதலில் தெரியும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. அதனால் வருஷத்தில் பல மாதம் முற்றத்தில் பாசி பிடித்திருக்கும். பாசியைத் தேய்த்துக் கழுவாத சிமெண்ட் தரையில் ஓட்டமும் குதியும் வேண்டவே வேண்டாம்.

தென்னைக்கு அடியில் ஆட்டம் வைக்காதீர்கள். நெற்றோ காய்ந்த மட்டையோ எப்போது விழும் என்று மரத்துக்குக்கூடத் தெரியாது. காய்க்கும் காலத்தில் பலாவுக்கும் இதே விதி. மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் உள்ள வீடுகளில் இன்னொன்றும் உண்டு. ஷீட் அடிக்கும் ரோலரையும், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் கேனையும் பிள்ளை எட்ட முடியாதபடி பூட்டிவைத்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டுப் பக்கம் குளமும் சானலும் (பாசனக் கால்வாய்) இல்லாத ஊர் கிடையாது. தண்ணீருக்குப் பக்கத்து மைதானம் என்றால், ஒரு பெரியவர் தண்ணீர்ப் பக்கமாகவே நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். போன் பார்ப்பதும் வேறு வேலைதான்.

கடற்கரைக்குப் போக வசதி இருந்தால் அதைவிட நல்ல ஆடுகளம் இல்லை. சொத்தவிளையிலோ சங்குத்துறையிலோ காய்ந்த மணலில் குதித்தால் விழுந்தாலும் வலிக்காது, ஓடினால் காலுக்கு இரட்டை வேலை. ஆனால் அலைப் பக்கம் இறங்காமல் மேட்டு மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்வது சும்மா இல்லை. காற்றும் மழையும் இல்லாத நாளிலும் அலை திடீரென்று கரையேறும். எச்சரிக்கை விடுத்திருக்கும் நாட்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வெயில் தாழ்ந்து நாலரை மணிக்குத் தொடங்குவது நல்லது. குடிக்கத் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டு வைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது படி: சாமான் சேர்ப்பது

கடையில் விற்கும் பிளாஸ்டிக் பந்து மோசமில்லை. ஆனால் அது எகிறி ஓடும். பிள்ளை எறிவதைவிட அதை எடுத்து வரத்தான் அதிக நேரம் ஓடிக்கொண்டிருக்கும். தொடக்கத்துக்கு எகிறாத பந்துதான் நல்லது. வாழை இல்லாத விளை நம் ஊரில் ஏது? காய்ந்த வாழைச்சருகில் லேசாகத் தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் நொறுங்காமல் வளையும். அதைக் கைக்குள் கசக்கி உருட்டி, மேலே சருகு சருகாகச் சுற்றி, வாழைநாரால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டுங்கள். எறிவதற்குச் சின்னக் கைக்குள் அடங்கும் அளவு, பிடிப்பதற்கு உரித்த தேங்காயைவிடப் பெரிய அளவு என்று இரண்டு வகை செய்துகொள்ளுங்கள். மேலே பழைய சேலைத் துண்டைச் சுற்றித் தைத்துவிடலாம். மஞ்சளோ நீலமோ பாருங்கள். செம்மண் முற்றத்தில் சிவப்புப் பந்தும் சருகு நிறப் பந்தும் பிள்ளையின் கண்ணுக்குப் பிந்தித்தான் தெரியும்.

இதோடு இரண்டு பாகம் கயிறு (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்), நாலைந்து செங்கல், ஒரு கடவம் (ஓலைப்பெட்டி) அல்லது வாளி, ஆளுக்கு ஒரு பழைய துவர்த்து (துண்டு), சில சிரட்டைகள் (கொட்டாங்குச்சி), ஒரு சாக்கு. சுவரில் கோடு போட ஒரு கரித்துண்டு. முடிந்தது.

பந்து ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு பந்து என்றால் ஒன்பது பேர் வரிசையில் நிற்கப் பழகுகிறார்கள், அவ்வளவுதான். சருகுப் பந்து பத்து செய்ய ஒரு சாயங்காலம் போதும். பிள்ளைகளையும் உட்கார்த்தி வைத்துச் செய்தால் அதுவே கைக்கு நல்ல வேலை.

பலூன் வேண்டாம் என்பேன். மெதுவாக மிதந்து வருவதால் பிடிக்கப் பழக நல்லதுதான். ஆனால் உடைந்த துண்டைச் சின்னப் பிள்ளை வாயில் போட்டால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அதே வேலையைத் துவர்த்து செய்யும்.

மூன்றாவது படி: நிற்கப் பழக்குவது

எல்லாரும் ஓட்டத்தில் தொடங்குவார்கள். நீங்கள் நிற்பதில் தொடங்குங்கள். இரண்டு சிரட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டிக்கொண்டே இருக்கும்வரை பிள்ளைகள் முற்றம் முழுக்க ஓடலாம். தட்டுவது நின்றதும் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். முதல் நாள் ஒருத்தர்மேல் ஒருத்தர் மோதிக்கொண்டு நிற்பார்கள். ஒரு வாரத்தில் வேகத்தைக் குறைத்து, முழங்காலை மடக்கி, அடுத்தவரை இடிக்காமல் நிற்கப் பழகிவிடுவார்கள். இந்த ஓர் ஆட்டம் வந்துவிட்டால் மீதி எல்லா ஆட்டத்திலும் உங்கள் தொண்டைக்கு வேலை பாதியாகக் குறையும். ஆபத்து என்றால் நிறுத்தவும் இதே சத்தம்தான்.

தட்டும் வேகத்தை மாற்றினால் ஓட்டத்தின் வேகமும் மாறும். அப்புறம் ஆமை நடை, நண்டு நடை, பின்னோக்கி நடை என்று சேர்த்துக்கொண்டே போகலாம். நண்டு நடை கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, அவர்கள் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள்.

சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். "முழங்காலை மடக்கு, கையைப் பின்னால் கொண்டு போ, முன்னால் பார், அப்புறம் குதி" என்று நான்கு காரியத்தை ஒரே மூச்சில் சொன்னால் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. நீங்களே செய்து காட்டிவிட்டு ஒரு சொல் மட்டும் சொல்லுங்கள்.

குதித்தல்

முதலில் மேலிருந்து கீழே. ஒரு செங்கல் உயரம் போதும். பாதிப் பிள்ளைகள் குதிப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு காலை முன்னால் வைத்து இறங்குவார்கள். அதைத் தப்பு என்று சொல்ல வேண்டாம். தரையில் இரண்டு பாதத்தைக் கரியால் வரைந்து, "இரண்டு காலும் ஒரே நேரத்தில் இதற்குள் போகணும்" என்று சொன்னால் தானாகச் சேரும். இரண்டு வாரத்தில் இரண்டு செங்கல் அடுக்கலாம். அதற்கு மேல் இந்த வயதுக்கு வேண்டாம்.

இறங்கும்போது சத்தம் கேட்கிறதா பாருங்கள். தொப் என்று கேட்டால் முழங்கால் மடங்கவில்லை. "பூனை மாதிரி குதி, பாட்டிக்குக் கேட்கக் கூடாது" என்றால் போதும், முழங்கால் தானாக மடங்கும், முன்பாதம் முதலில் தரையைத் தொடும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை நடுவராக வைத்துவிடுங்கள். அவர் "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று சொல்லச் சொல்லப் பிள்ளைகளுக்கு உற்சாகம் ஏறும்.

அடுத்து தூரத் தாவல். இரண்டு கயிற்றைத் தரையில் போடுங்கள். ஒரு முனையில் ஒரு சாண் இடைவெளி, மறுமுனையில் இரண்டு முழம். இதுதான் சானல். எந்த இடத்தில் தாண்டுவது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். மூன்று வயதுக்காரி ஒரு சாண் பக்கம் தாண்டுவாள், ஐந்து வயதுக்காரன் நடுவில் தாண்டிப் பார்த்துவிட்டு அகலமான பக்கம் நகர்வான். யாருக்கும் தோல்வி இல்லை, யாரும் வரிசையில் காத்திருக்கவும் வேண்டாம். உடற்கல்வி ஆசிரியர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கும் உத்தி இது. எனக்குத் தெரிந்தவரை சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த ஒரு விளையாட்டு அமைப்பு கிடையாது.

தாவும்போது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் இரண்டு கையிலும் ஒரு துவர்த்தின் இரு முனையைக் கொடுங்கள். "துவர்த்தைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டே குதி" என்றால் கை பின்னாலிருந்து முன்னால் வீசும், தூரம் கூடும்.

எறிதல்

இங்கேதான் பெரியவர்கள் அதிகம் அவசரப்படுகிறோம். கடவத்தை மூன்றடி தள்ளி வைத்து "இதுக்குள்ள போடு" என்போம். குறி வைக்கச் சொன்னதும் பிள்ளை கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பந்தைப் போடும். அது எறிதல் ஆகாது. முதலில் குறி வேண்டாம், பலம் வேண்டும். மதிலைக் காட்டி, "முடிஞ்ச மட்டும் பலமா எறி, சத்தம் கேட்கணும்" என்று சொல்லுங்கள். பலமாக எறிய முயலும்போதுதான் உடம்பு தானாகப் பக்கவாட்டில் திரும்பும், கை பின்னால் போகும், கால் முன்னால் வரும்.

எந்தக் கால் முன்னால் வர வேண்டும் என்பது முக்கியம். வலக்கையால் எறிந்தால் இடக்கால், இடக்கையால் எறிந்தால் வலக்கால். சின்னப் பிள்ளைகள் பலர் கையும் காலும் ஒரே பக்கமாக முன்னால் வைப்பார்கள். விளக்கம் சொன்னால் குழம்பும். தரையில் ஒரு கயிற்றைப் போடுங்கள். பிள்ளை மதிலுக்குத் தோளைக் காட்டிப் பக்கவாட்டில் நிற்கட்டும். எறியும் கை மதிலைவிட்டுத் தள்ளி மறுபக்கத்தில் இருக்கும். மதில் பக்கத்துக் காலால் கயிற்றைத் தாண்டி வைத்து எறியச் சொல்லுங்கள். சொல்ல வேண்டிய சொல் ஒன்றுதான்: "தாண்டி எறி."

இரண்டு மூன்று வாரம் கழித்துக் குறி வைக்கலாம். கரியால் மதிலில் பெரிய வட்டம். பிறகு கொஞ்சம் சின்ன வட்டம். அப்புறம் கடவம். ஐந்து வயதுக்காரர்களுக்குச் செங்கலின் மேல் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துத் தள்ளிவிடச் சொன்னால் இருட்டும்வரை நகர மாட்டார்கள்.

பந்தை இடக்கையில் எடுக்கும் பிள்ளையின் கையை மாற்றாதீர்கள். சாப்பாட்டு விஷயத்தில் வீட்டில் என்ன சொல்கிறார்களோ அது அவர்கள் பாடு, எறியும் கையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு. இன்னொன்று, பையன் பிறந்தநாளுக்குப் பந்து, பெண்பிள்ளைக்குச் சமையல் செட் என்று வாங்கித் தந்துவிட்டு, "அவளுக்கு எறியத் தெரியாது" என்று சொல்வது நியாயமே இல்லை. எறிந்து பழகாத கை எப்படி எறியும்?

பிடித்தல்

பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடும் பிள்ளைகள் நிறைய. "பந்தைப் பாரு, பந்தைப் பாரு" என்று கத்துவதில் பயனில்லை. பயம் இருக்கும்வரை கண் மூடத்தான் செய்யும். பயம் தராத பொருளைக் கொடுக்க வேண்டும். எங்கள் விளையாட்டில் நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி பந்து என்றாலே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வாள். துவர்த்தை முடிச்சு எதுவும் போடாமல் கசக்கி மேலே தூக்கிப் போட்டேன். அது விரிந்து மெதுவாக இறங்கியது. "மாமா, இது அடிக்காதுல்லா?" என்று கேட்டாள். "அடிக்காது மக்களே, துணிதானே" என்றேன். இரண்டு கையையும் நீட்டினாள். அன்றைக்கு அவ்வளவு போதும் என்று விட்டுவிட்டேன்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் இரண்டு பேரும் காலை விரித்து எதிரெதிரே தரையில் உட்கார்ந்து பெரிய பந்தை உருட்டிப் பிடிப்பது. இதில் பந்து எங்கே வருகிறது என்று கண் பழகும். அடுத்து நின்றுகொண்டு உருண்டு வரும் பந்தைக் குனிந்து பிடிப்பது. அப்புறம் துவர்த்தைத் தானே மேலே போட்டுத் தானே பிடிப்பது. நாலாவதாகத் தரையில் ஒருமுறை தட்டி எழும்பி வரும் பந்தைப் பிடிப்பது. இதற்கு மட்டும் எகிறும் பந்து வேண்டும். கடைசியாக ஓரடி ஈரடி தூரத்திலிருந்து நெஞ்சுக்கு நேராக நீங்கள் கீழ்க்கையால் மெதுவாகப் போடும் சருகுப் பந்து.

தொடக்கத்தில் பிள்ளை பந்தை நெஞ்சோடு அணைத்துத்தான் பிடிக்கும். விட்டுவிடுங்கள். கை மட்டும் தனியாகப் பிடிக்க மாதங்கள் ஆகும். ஒரு படியில் பத்துக்கு ஏழெட்டு முறை பிடித்தால் அடுத்த படிக்குப் போகலாம். பத்துக்கு மூன்றுதான் என்றால் முந்தின படிக்கு இறங்குங்கள். இறங்குகிறோம் என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டாம், பந்தை மட்டும் மாற்றுங்கள். போடுவதற்கு முன் "வருது" என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். சொல்லாமல் போட்டால் பெரியவர்களே தவறவிடுவார்கள்.

உதைத்தல், அடித்தல்

தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்களில் உதைக்கச் சொல்லித்தர ஆள் தேவையில்லை. நடக்கத் தொடங்கிய பிள்ளையும் அண்ணன்களின் பந்தின் பின்னால் போகும். மற்ற இடங்களில், நிற்கிற பந்து, இரண்டடி ஓட்டம், மதில், இந்த மூன்றும் போதும். உதைக்காத கால் பந்துக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்பதற்கு ஒரு பாதம் வரைந்துவிடுங்கள்.

மட்டையால் அடிக்க, பந்தைக் கயிற்றில் கட்டிப் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் கொய்யாக் கிளையில் தொங்கவிடுங்கள். முதலில் வெறுங்கையால் அடிக்கட்டும். பிறகு தென்னை மட்டையில் செதுக்கிய பேட். பெரியவர்கள் கிரிக்கெட் ஆடும் மட்டை சின்னப் பிள்ளைக்குக் கனம், அரை முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மெலிதாகச் செதுக்குங்கள். அடிப்பவரைச் சுற்றி இரண்டு எட்டு தூரத்துக்கு வட்டம் போட்டு, யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலை, நொண்டி, துள்ளல்

ஒற்றைக்காலில் நிற்க வராத பிள்ளைக்கு நொண்டி வராது. அதனால் முதலில் நிலை. தரையில் போட்ட கயிற்றின் மேல் நடப்பது, வரிசையாக வைத்த செங்கல் மேல் நடப்பது, அறுவடை முடிந்த வயலில் வரப்பின் மேல் நடப்பது என்று போகலாம். பிறகு சிரட்டை நடை. இரண்டு சிரட்டையின் கண்ணில் கயிறு கோத்து உள்ளே முடிச்சுப் போட்டு, கவிழ்த்து வைத்து, கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கயிற்றைப் பிடித்து, கையால் கயிற்றை இழுத்தபடி நடப்பது. ஐந்து வயதுக்கு முன் தர வேண்டாம். அதற்கு முந்திய வயதுக்கு ஒரு சிரட்டையை உள்ளங்கையில் வைத்து, அதில் பாதித் தண்ணீர் ஊற்றிச் சிந்தாமல் நடப்பது போதும்.

நொண்டிக்கு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே துள்ளட்டும். ஒரு கால் எப்போதும் மற்றதைவிட நன்றாக வரும், அதிலேயே தொடங்கலாம். இரண்டு மூன்று துள்ளல் கையை விட்டு வந்ததும் பாண்டிக் கட்டம் வரையுங்கள். பெரியவர்கள் ஆடும் பாண்டி அப்படியே வேண்டாம். மூன்று கட்டம், அகலமாக, சில்லு இல்லாமல். இரண்டு காலால் குதித்தாலும் சரி என்று விதியைத் தளர்த்துங்கள். பிறகு நடுக் கட்டத்தில் மட்டும் ஒற்றைக்கால். பிறகு சில்லு. சில வாரம் கழித்து, "இந்தக் கால் களைச்சுப் போச்சு, அந்தக் காலுக்கு வேலை கொடு" என்று மறுகாலையும் பழக்கலாம்.

துள்ளி ஓடுவதற்கு முன் குதிரை ஓட்டம் வர வேண்டும். ஒரு கம்பைக் காலுக்கிடையில் கொடுத்தால் குதிரை ஓட்டம் தானாக வரும். துள்ளல் என்பது ஓர் அடி, அதே காலில் ஒரு துள்ளு, பின்பு மறுகாலில் ஓர் அடி, அதிலேயே ஒரு துள்ளு. இதை வாயால் விளக்கி வெற்றி பெற்றவரை நான் பார்த்ததில்லை. நன்றாகத் துள்ளும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தை நாலு சுற்று வந்தால் பல பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

எதைத் தவிர்ப்பது?

"அவுட்" ஆனவர் உட்கார வேண்டும் என்ற ஆட்டங்கள் இந்த வயதுக்கு ஆகாது. யாருக்குப் பழக்கம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் அவுட் ஆகி மீதி நேரம் உட்கார்ந்திருக்கும். கல்லா மண்ணா ஆடினால் பிடிபட்டவர் இரண்டு முறை குதித்துவிட்டுத் திரும்பி வரட்டும். முதலாம் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் ஆண்டு விழாவுக்கு இருக்கட்டும். "நேற்றைவிட ஒரு சாண் கூடத் தாண்டிட்டியே" என்பதற்கு மேல் பரிசு எதுவும் தேவையில்லை.

ஒரு நாள் ஆட்டத்தை எப்படி அமைப்பது? ஐந்து நிமிடம் சிரட்டை ஓட்டம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் நேற்று பழகியது. பத்து நிமிடம் புதியது, ஒன்றே ஒன்று மட்டும். மீதி நேரம் பிள்ளைகள் இஷ்டம். கமுகம் பாளையில் (பாக்கு மரத்து மட்டையில்) ஒருவரை உட்காரவைத்து மற்றவர்கள் இழுத்துக்கொண்டு ஓடுவது இஷ்ட நேரத்தில் எப்போதும் முதலிடம் பிடிக்கும். இழுப்பவர், உட்காருபவர் இருவருக்குமே அது நல்ல பயிற்சி. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இழுக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை விடாத வாரங்களில் வராண்டா போதும். உருட்டுவது, துவர்த்து பிடிப்பது, கோட்டின் மேல் நடப்பது, சுருட்டிய சாக்ஸை வாளிக்குள் எறிவது, சுவரில் கை ஊன்றி நொண்டுவது இவற்றுக்கு இடம் அதிகம் வேண்டாம். குதிப்பதற்கு மட்டும் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, நழுவாதபடி ஓரத்தில் ஒருவர் மிதித்துக்கொண்டு நில்லுங்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்யவில்லை, ஒரு பக்கக் கையையும் காலையும் மட்டுமே பயன்படுத்துகிறது, மூன்று வயதுக்கு மேலும் எப்போதும் நுனிக்காலில் நடக்கிறது, சமதரையில் அடிக்கடி விழுகிறது என்றால் விளையாட்டால் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அங்கன்வாடியில் கேட்டால் அடுத்து எப்போது வருவார்கள் என்று சொல்வார்கள். அதுவரை பொறுக்க மனமில்லை என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் நேராகவே காட்டலாம்.

நடக்கச் சிரமப்படும் பிள்ளை, பார்வை குறைந்த பிள்ளை உங்கள் குழுவில் இருந்தால் அவர்களையும் விளையாட்டுக்குள் கொண்டு வாருங்கள். உட்கார்ந்தபடி எறியலாம், உருட்டலாம். பந்துக்குள் நாலு புளியமுத்தை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்துக் கட்டினால் உருளும்போது சத்தம் வரும், காதால் பின்தொடரலாம்.

பெரிய பிள்ளைகளின் ஆட்டத்தில் சேர்ப்பது

ஐந்தரை ஆறு வயதில் பிள்ளைக்கு அக்கா அண்ணன்களின் ஆட்டத்தில்தான் கண் இருக்கும். கிளித்தட்டு, பச்சைக்குதிரை, ஒருவர்மேல் ஒருவர் பந்தை எறியும் பேய்ப்பந்து என்று அவர்கள் ஆடுவதில் ஓட்டம், திடீர் நிறுத்தம், திரும்பல், தாவல், எறிதல் எல்லாமே கலந்திருக்கும். உடனே முழு ஆட்டக்காரராகச் சேர்த்தால் முதல் அடியிலேயே அழுதுகொண்டு வரும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. சின்னதை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அது கூட ஓடும், கத்தும், கோட்டைத் தாண்டும், பிடிபட்டாலும் கணக்கில் வராது. பெரியவர்கள் இதில் தலையிட்டு "அவனையும் சரியாச் சேர்த்துக்கோ" என்று சொல்ல வேண்டாம். பெரிய பிள்ளைகளிடம் இரண்டே காரியம் சொல்லிவையுங்கள்: பச்சைக்குதிரையில் சின்னவர்கள் குனியக் கூடாது, தாண்டவும் கூடாது, ஓரத்தில் சிரட்டை தட்டலாம். பேய்ப்பந்தில் சின்னவர்களை எறிவதானால் சருகுப் பந்துதான், இடுப்புக்குக் கீழேதான்.